தனபாக்கியம் கடல் பார்த்த கதை

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஆளுக்கொரு கிறுக்கு உண்டு. ஒருத்தர் க்வார்ட்டர்ஸ் வாசலில் ரோஜா வளர்த்து, பூவைப் பறிக்கிற பிள்ளைகளைத் துரத்துவதிலேயே சர்வீஸை முடிப்பார். இன்னொருத்தர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழிப்பார். இசக்கிமுத்துவுக்குப் பிடித்திருந்தது டூர்க் கிறுக்கு. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் பிளாக்கில் உள்ள குடும்பங்களை ஒரு பஸ்ஸில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒருநாள் சுற்றுலா கிளம்பிவிடுவார். ஏற்பாடும் அவர், கைடும் அவர். யாரும் கேட்டுக்கொண்டு அவர் கைடு ஆகவில்லை. போதும் நிறுத்துங்கள் என்று சொல்லவும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

ஆனால் இது அவரைப் பற்றிய கதை இல்லை. தன்னைப் பற்றி அவரே வேண்டிய அளவு பேசியாயிற்று. இது அவருடைய மனைவி தனபாக்கியத்தைப் பற்றியது.

தனபாக்கியம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தவள். வந்த அன்றைக்கே கொடியில் காயப்போட்ட கூறைப்புடவையில் கரித்தூள் படிந்தது. அன்றிலிருந்து வெள்ளைத் துணி வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். அந்த மாதிரி சட்டென்று முடிவு செய்கிற புத்தி அவளுக்கு எப்போதும் உண்டு. செய்த முடிவை வாய்விட்டுச் சொல்லத்தான் ரொம்ப நாள் பிடிக்கும்.

முதல் டூர் திருவதிகைக் கோயிலுக்குப் போனது. அப்போது சோற்று அண்டாக்களைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு எல்லாரும் சாமி பார்க்கப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் பஸ் கதவு திறந்து கிடந்தது. பண்ணுருட்டி நாய்கள் இரண்டு, அண்டாவுக்குள் தலையை விட்டுப் புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அடுத்த வருஷத்திலிருந்து அண்டாவுக்கு ஒரு ஆள் காவல் என்று இசக்கிமுத்து சட்டம் போட்டார். சமைத்தவள் தனபாக்கியம், பரிமாறப் போகிறவளும் தனபாக்கியம், ஆகவே காவலும் தனபாக்கியம்தான் என்று எல்லாரும் சேர்ந்து மிக நியாயமாக முடிவு செய்தார்கள்.

இப்படியாக அவள் எல்லா டூருக்கும் போனாள். செஞ்சிக்கோட்டையில் அவள் பார்த்தது மலையடிவாரத்தில் ஒரு புளியமரமும் அதன் மேல் ஒரு குரங்கும். தஞ்சாவூரில் பார்த்தது பஸ்ஸின் பின் டயர். எல்லாவற்றிலும் மோசம் மகாபலிபுரம். அங்கே பஸ்ஸை ஒரு சவுக்குத் தோப்புக்குள் நிறுத்தினார்கள். தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். அது ஓயாமல் இரைந்தது. பிளாக்கே போய்க் காலை நனைத்துவிட்டு வந்தது. தனபாக்கியம் அண்டா மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு கடலைக் காதால் கேட்டாள்.

அது அவளை விடவில்லை. பக்கத்து க்வார்ட்டர்ஸ் விஜயகுமாரி, "கடல் எப்டி இருந்துச்சுக்கா?" என்று கேட்டபோது, "சத்தமா இருந்துச்சு" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அவமானமாக இருந்தது. கடலூருக்குப் பஸ் ஏறினால் எட்டிவிடுகிற கடல். ஆனால் தனியாகப் போய்க் கடல் பார்த்துவிட்டு வருகிற பெண்பிள்ளை எந்த பிளாக்கில் இருக்கிறாள்?

எண்பத்திரண்டில் இசக்கிமுத்து பிச்சாவரம் என்று அறிவித்தார். சுற்றிலும் தண்ணீர், நடுநடுவே தீவு, தீவு முழுக்கக் காடு, படகில் போகவேண்டும் என்று கையை அகட்டி விளக்கினார். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது தனபாக்கியம் வாயைத் திறந்தாள்.

"இந்தத் தடவை நானும் படகுல வருவேன். கடலைப் பாக்கணும்."

"அண்டாவ யாரு பாப்பா?"

"அண்டாவ நான் நெறையப் பாத்துட்டேன். கடலைத்தான் பாக்கல."

இசக்கிமுத்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "இல்லேன்னா புளிச்சோறு கிடையாது, தயிர்சாதம் கிடையாது. உங்க பிளாக்க நீங்களே பட்டினி போட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். கைடு வேலையில் பேச்சு பாதி, சோறு மீதி என்பது இசக்கிமுத்துவுக்குத் தெரியும். பஸ்ஸைப் பூட்டி டிரைவரைக் காவல் வைப்பதாக ஒத்துக்கொண்டார்.

தனபாக்கியத்துக்கு டிரைவர் மேல் நம்பிக்கை இல்லை. அண்டாக்களின் வாயைத் துணியால் கட்டி, பரிமாறுகிற கரண்டிகளை எல்லாம் தன் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். கரண்டி இல்லாமல் எவன் சாப்பிடுவான், பார்த்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

பஸ் வடலூர், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் என்று போய்க் கிள்ளை தாண்டி நின்றது. இசக்கிமுத்து மைன்ஸில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். கூட்டத்தில் கைடு தனியாகத் தெரியவேண்டுமாம். ஒரு கையில் எங்கேயோ இரவல் வாங்கிய மெகாஃபோன், கழுத்தில் விசில், இடுப்பில் ஒரு பிஸ்கட் டின்.

டின்னில் இருந்தவை டோக்கன்கள். மைன்ஸில் உள்ளே போகிறவன் டோக்கன் எடுப்பான், வெளியே வரும்போது திரும்பப் போடுவான். டோக்கன் வந்துவிட்டால் ஆள் வந்துவிட்டான் என்று பொருள். அதே முறையை இசக்கிமுத்து டூருக்கும் கொண்டுவந்திருந்தார். பழைய தகர மூடிகளை வெட்டி, நம்பர் அடித்து, ஆளுக்கொன்று. கிளம்பும்போது எடுக்கவேண்டும், தீவிலிருந்து திரும்பிப் படகில் ஏறும்போது டின்னில் போடவேண்டும். இந்த முறையில் ஒரு ஆள்கூடத் தொலைந்தது கிடையாது என்பது அவருடைய நிரந்தரப் பெருமை.

தனபாக்கியம் கையை நீட்டினாள். அவர் அவளுடைய டோக்கனையும் சேர்த்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உன்னுது என்கிட்டயே இருக்கட்டும். நீ எங்கயாவது முடிஞ்சு வச்சிட்டு மறந்துருவ."

இத்தனை வருஷத்தில் ஒரு டூரிலும் ஒரு கரண்டியைக்கூடத் தொலைக்காதவளிடம் சொல்கிற பேச்சா இது? அவளுக்குச் சுருக்கென்றது. கூட்டத்தில் சண்டை போடவேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

படகு போன வழி மட்டும் நிஜமாகவே அழகு. மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நின்றன. வேரெல்லாம் வெளியே தெரிந்தது. இரண்டு பக்கக் கிளையும் மேலே சேர்ந்துகொண்டதில் வெயிலே உள்ளே வரவில்லை. வெள்ளைக் கொக்கு ஒன்று இவர்களைப் பார்த்துவிட்டு, பறக்கிற அளவுக்கு இவர்கள் முக்கியமில்லை என்பது போல அங்கேயே நின்றது. வாயை மூடிக்கொண்டு பார்க்கவேண்டிய இடம். இசக்கிமுத்து மெகாஃபோனை எடுத்தார்.

"இந்த மரங்க எல்லாம் சோழ ராஜா வரிசையா நட்டு வச்சது!"

படகு தள்ளிய ஆள் அவரைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தண்ணீரில் துப்பினான்.

பிளாக்கில் எல்லாரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். எந்த ஊர் போனாலும் இசக்கிமுத்து அங்கே ஒரு சுரங்கப்பாதை இருப்பதாகச் சொல்வார். திருவதிகையிலிருந்து சிதம்பரத்துக்கு, செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்கு என்று தமிழ்நாட்டின் அடியில் அவர் தோண்டாத இடம் பாக்கி இல்லை. இத்தனைக்கும் நெய்வேலி மைன்ஸ் என்பது மேலே திறந்து கிடக்கிற பள்ளம்தான். இந்தத் தண்ணீருக்குள் எப்படித் தோண்டப் போகிறார் என்று பார்க்க அவர்களுக்கு ஆசை. அவர் ஏமாற்றவில்லை. தீவில் இறங்கி, ஒரு மரத்தடியில் மஞ்சள் பூசி நிறுத்தியிருந்த அம்மன் கல்லைக் காட்டி, இந்த அம்மன் சிதம்பரத்திலிருந்து சுரங்கப்பாதை வழியாகத்தான் இங்கே வந்தாள் என்றார்.

"நனையாமலா சார்?" என்று கேட்டார் வெள்ளைச்சாமி. எதிர் க்வார்ட்டர்ஸ்காரர், விருதுநகர் பக்கம். எந்த டூரிலும் அவருக்கு முக்கியம் சாப்பாடுதான்.

"கடல் எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள் விஜயகுமாரி.

"அந்த மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம். அங்க ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணி. தண்ணி வத்துறதுக்குள்ள திரும்பணும்னு படகுக்காரங்க சொல்லியிருக்காங்க. டயம் கிடையாது."

தனபாக்கியம் அவர் முகத்தையே பார்த்தாள். கடலைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று அவரிடம்தான் சொல்லியிருந்தாள். அவர் மறக்கக்கூட இல்லை. மறப்பதற்கு முதலில் அதை நினைவில் வைத்திருக்கவேண்டுமே. அவர் மறுபடி அம்மனிடம் போனதும் அவள் கரண்டிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மணல்மேட்டைப் பார்த்து நடந்தாள்.

மணல் சுட்டது. கால் புதைந்தது. மேலே ஏறி நின்றாள்.

மகாபலிபுரத்தில் கேட்ட அதே சத்தம். இப்போது அதற்கு உடம்பு இருந்தது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்ணால் அளக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த எதற்கும் ஒரு ஓரம் இருந்தது. அடுப்புக்கு, வீட்டுக்கு, பிளாக்குக்கு, மைன்ஸ் பள்ளத்துக்குக்கூட. இதற்கு இல்லை. சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. இரண்டையும் யாரும் பார்க்கவில்லை என்பது இன்னும் நன்றாக இருந்தது.

கீழே விசில் கேட்டது. போகட்டும், நம்ம டோக்கன் விழாமல் படகு நகராது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பார்த்தாள். அந்தப் பக்கம் இறங்கிப் போனாள், அலை வந்து காலைத் தொட்டது. மறுபடி விசில். இதோ வருகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இன்னொரு அலைக்காக நின்றாள். அப்போதுதான் பொட்டில் அடித்தது போல நினைவுக்கு வந்தது. அவளுடைய டோக்கன் அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

ஓடினாள். மேட்டைத் தாண்டி இறங்குவதற்குள் படகுகள் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தன. கடைசிப் படகில் மஞ்சள் ஹெல்மெட். "ஏங்க!" என்று கத்தினாள். அவர் மெகாஃபோனில் கொக்கைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். ஹெல்மெட் மரங்களுக்குள் மறைந்தது.

தனபாக்கியம் கட்டின புருஷனை அவன் இவன் என்று பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அம்மன் கல்லைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, இசக்கிமுத்துவின் ஹெல்மெட்டில் ஆரம்பித்து அவரை வளர்த்த விதம் வரைக்கும் வாயார வைதாள். வைது முடிந்ததும் பயம் வந்தது. தண்ணீர் வற்றினால் படகு வராது என்றாரே, பொழுது சாய்ந்தால் என்ன செய்வது? பிறகு, பயப்படுவதைக் கடலைப் பார்த்துக்கொண்டே பயப்படலாம் என்று மறுபடி மேட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, இங்க ஒண்டியா குந்திகினு கீற?"

ஈரப் புடவையை வரிந்து கட்டிய ஒரு பெண், கையில் ஓலைக்கூடையோடு நின்றாள். கூடைக்குள் இறால் துள்ளியது. கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவள். பெயர் கலியம்மாள்.

"என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க."

"மறந்துட்டாங்களா?"

"இல்ல. டோக்கன் போட்டுட்டாரு."

"அது இன்னாது?"

தனபாக்கியம் விளக்கினாள். தகரத் துண்டு டின்னில் விழுந்துவிட்டால் ஆள் படகில் இருப்பதாகக் கணக்கு என்று சொன்னதும் கலியம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்த சிரிப்பில் தனபாக்கியத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சொல்லிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரிய கோமாளித்தனம் என்று அவளுக்கே தெரிந்தது.

"பயப்படாத. தண்ணி ஏறுனா எங்க படகு வரும். நானே இட்டுகினு போய் வுட்றேன்" என்றாள் கலியம்மாள். "அந்தா நிக்குது பாரு தில்லை மரம், அதுல மட்டும் கைய வச்சிடாத. அதோட பாலு கண்ணுல பட்டா கண்ணே அவ்ளோதான்."

தனபாக்கியத்துக்குத் திக்கென்றது. இசக்கிமுத்து பிளாக்கையே நிறுத்தி வைத்துச் சுரங்கப்பாதை சொன்னது அந்த மரத்தில் சாய்ந்துகொண்டுதான்.

பையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேரும் தின்றார்கள். கலங்கிய தண்ணீரில் இறால் இருப்பது எப்படித் தெரியும் என்று இவள் கேட்டாள். கைக்குத் தெரியும், சொல்லத் தெரியாது என்றாள் அவள். பிறகு அவள் கேட்டாள்:

"நெய்வேலின்றியே. அங்க பெரிய பள்ளமாமே? பெரிய பெரிய மிசின் மண்ண வாரிகினே இருக்குமாமே?"

"அதுல என்ன இருக்கு. வெறும் பள்ளம்."

சொல்லி வாய் மூடவில்லை, தனபாக்கியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெறும் தண்ணி என்று அந்த மனுஷன் சொன்னது போலவே இருந்தது. "இல்ல, இல்ல" என்றாள் அவசரமாக. "பாக்க வேண்டியதுதான். ஒரு நாள் வாங்க, நானே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். நீங்க பாக்கற வரைக்கும் நிப்பேன். விசில் எல்லாம் ஊத மாட்டேன்."

கரையில் நடந்ததை விஜயகுமாரி பிற்பாடு சொன்னாள். படகிலேயே அவள், "அக்காவக் காணமே சார்" என்றாளாம். இசக்கிமுத்து டின்னைக் குலுக்கிக் காட்டி, "எல்லா டோக்கனும் விழுந்துட்டு. ஆள் வராம டோக்கன் எப்டி வரும்? முன் படகுல இருப்பா" என்றாராம். கரை சேர்ந்ததும் வாழையிலை போட்டு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அண்டாத் துணியை அவிழ்த்தார்கள். கரண்டியைத் தேடினார்கள். பஸ்ஸுக்குள் பார்த்தார்கள், சீட்டுக்கு அடியில் பார்த்தார்கள், டிரைவரைச் சந்தேகப்பட்டார்கள். கரண்டி எங்கே என்று ரொம்ப நேரம் தேடிய பிறகுதான், கரண்டி வைத்திருக்கிறவள் எங்கே என்று ஒருத்தருக்குத் தோன்றியது. அப்போதுதான் இசக்கிமுத்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஏறும்போது இரண்டு டோக்கனையும் சேர்த்துப் போட்டது கைக்கு நினைவிருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம்.

தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டதால் படகுக்காரர்கள் யோசித்தார்கள். அவர் அவர்கள் காலில் விழாத குறை. பாதி வழி தள்ளி, பாதி வழி இறங்கிச் சேற்றில் இழுத்துக்கொண்டு ஒரு படகு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னாலேயே மெகாஃபோனில் "தனபாக்கியம்! தனபாக்கியம்!" என்று காடெல்லாம் கேட்டது. கொக்குகள் இந்தத் தடவை பறந்தன.

மேட்டில் ஏறி வந்தபோது அவருக்கு இடுப்பு வரைக்கும் சேறு. ஹெல்மெட் மட்டும் மஞ்சளாக இருந்தது. அவளைப் பார்த்ததும் கண் கலங்கி, வாய் கோணியது. தனபாக்கியத்துக்கு உள்ளே ஏதோ இளகியது. பாவம், நிஜமாகவே பயந்துபோயிருக்கிறார் என்று எழுந்திருக்கப் போனாள். அப்போது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த வெள்ளைச்சாமி குரல் கொடுத்தார்.

"அக்கா, கரண்டி இருக்கா?"

எழுந்தவள் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இல்லேங்கறது எப்பத் தெரிஞ்சது?" என்று புருஷனைக் கேட்டாள்.

ஊரூராகப் பொய்யில் சுரங்கம் தோண்டியவர், அன்றைக்கு ஒன்றும் அகப்படாமல் உண்மையைச் சொன்னார். "சாப்பிட உக்காரும்போது."

கலியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனபாக்கியம் துணிப்பையைக் கழற்றி வெள்ளைச்சாமியிடம் நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே. பெரிய கரண்டி புளிச்சோத்துக்கு, குழிக் கரண்டி தயிர்சாதத்துக்கு. நீங்களே போய்ப் பரிமாறுங்க. எல்லாரும் பசியோட இருப்பாங்க."

"நீங்க?"

"நான் இன்னும் பாத்து முடிக்கல."

வெள்ளைச்சாமி கரண்டிகளோடு படகுக்குப் போனார். இசக்கிமுத்து போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். "இந்தம்மாவோட படகுல வரேன். நீங்களும் போறதுன்னாப் போங்க" என்றாள். அவர் போகவில்லை. அவள் கையை நீட்டினாள்.

"என்ன?"

"என் டோக்கன்."

அவர் டின்னைத் திறந்து தேடி எடுத்துக் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்தார். பழக்கதோஷம், தொண்டையைச் செருமினார்.

"இந்தக் கடலுக்கு அடியில பாத்தியா—"

"பேசாம இருங்க."

இருந்தார். டூர் வரலாற்றிலேயே முதல் தடவையாக அவர் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், எதிரே இருந்ததைப் பார்த்தார். தண்ணீர் ஏறி, கலியம்மாள் எழுந்து புடவையை உதறும் வரைக்கும் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

படகில் ஏறும்போது அவர் வழக்கம்போல டின்னைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து டோக்கனை எடுக்கக் கையை நீட்டினார். தனபாக்கியம் அந்தக் கையைத் தள்ளினாள். முதலில் ஒரு காலை வைத்து ஏறினாள். இன்னொரு காலையும் வைத்தாள். பலகையில் நன்றாக உட்கார்ந்தாள். தான் படகில்தான் இருக்கிறோம் என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகு, தானே முடிச்சை அவிழ்த்து டோக்கனை டின்னில் போட்டாள்.